கேரட்டு + அல்வா = கேரட்டல்வா

பாடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வழியாக ஆவடிக்குப் போகும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் இனிப்புக் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போகும் பழக்கம் உள்ளவர்கள், ஒரே பண்டம் பல உடையில் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒரு கடையில் அது காரட் அல்வா. அடுத்ததில் கேரட் அல்வா. ஹகரத்தை விடாமல் பிடித்திருக்கும் கடையில் கேரட் ஹல்வா. படைத்துறைக் குடியிருப்புகளை நெருங்க நெருங்க, வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் நாவுக்கு ஏற்பக் காஜர் அல்வா. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் நமக்கு வேண்டாம். சொல்லை நேசிப்பவர்க்கு இந்த வேறுபாடுகளே விருந்து. ஒவ்வொன்றும் அந்தப் பெயர் நடந்து வந்த வழியைக் காட்டும் சுவடு.

மூத்த உறுப்பிலிருந்து தொடங்குவோம். அல்வா அரபு மொழிப் பிறப்பு. ஹ-ல்-வ என்ற மூன்று மெய்கள் கூடிய வேருக்கு அம்மொழியில் இனித்தல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த ஹல்வா, தொடக்கத்தில் எந்த ஒரு தனிப் பண்டத்துக்கும் உரிய பெயராக இல்லாமல், இனிப்பானது எதுவோ அதற்கெல்லாம் பொதுப்பெயராக இருந்தது. பாரசீகத்தின் வழியாக வட இந்தியாவுக்கும், தக்காணத்துச் சுல்தான்களின் ஆளுகையோடு தெற்குக்கும் அப்படிப்பட்ட சொற்கள் வந்தன. நம் பூந்தமல்லியே 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவுக்கும், பின்னர் ஆர்க்காட்டு நவாபுக்கும் உட்பட்டிருந்த ஊர்தான். வசூல், பாக்கி, மகசூல் என்று கச்சேரிக்குள் நுழைந்த சொற்களோடு, சர்பத்து, குருமா, அல்வா என்று அடுப்பங்கரைக்குள் நுழைந்தவையும் உண்டு. கச்சேரிச் சொற்கள் ஆட்சி மாறியதும் சில மங்கின. அடுப்பங்கரைச் சொற்கள் மங்கவே இல்லை.

வந்த சொல்லைத் தமிழ் எப்படி வரவேற்றது என்பதைக் கவனியுங்கள். சொல்லின் முதலில் வரும் வட எழுத்து ஹகரம் தமிழில் அகரமாகும், இடையில் வந்தால் ககரமாகும் என்று நன்னூல் வகுத்துவைத்திருக்கிறது. ஹரி அரியானதும், ஹனுமன் அனுமனானதும், ஹாரம் ஆரமானதும், மஹிமை மகிமையானதும் அந்த வழியில்தான். நன்னூலார் வடசொல்லுக்குச் சொன்ன நெறியை, அவர் கேட்டிராத அரபுச் சொல்லுக்கும் கடைக்காரரும் சமையற்காரரும் தாமாகவே நீட்டித்தார்கள். ஹல்வா அல்வா ஆயிற்று. அதற்கு மேல் ஒரு மாற்றமும் வேண்டியிருக்கவில்லை; ஏனென்றால் லகர மெய்க்குப் பின் வகரம் வருவது தொல்காப்பியர் காலத்திலிருந்தே நமக்கு உடன்பாடு. கல்வி, செல்வம், வெல்வான் என்று நாம் நாள்தோறும் ஒலிக்கும் அதே இணைப்புத்தான் அல்வாவின் நடுவிலும் இருக்கிறது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு, அங்கிருந்து இதழ்களுக்கு வழுக்கி, ஆகாரத்தில் வாய் அகல விரிகிறது. விழுங்குவதற்கு முந்திய வாயசைவைப் போலவே இருக்கிறது அந்த ஒலிப்பு.

இப்படிப் பொருத்தமாக அமர்ந்துவிட்டதால்தான் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. அல் என்றால் தமிழில் இரவு, இருள். திருநெல்வேலியில் மாலை மங்கும் நேரத்தில் விற்கும் இருட்டுக்கடை அல்வாவின் புகழை இதோடு சேர்த்துப் பார்த்தால், அல்லில் வா என்பதே அல்வா என்று சொல்லத் தோன்றும். அழகான தற்செயல் அது, வேர் அன்று. ஒலி ஒத்திருப்பதை உறவென்று கொள்ளும் ஆசையை அடக்கத் தெரியாவிட்டால் சொல்லாராய்ச்சி சொல் விளையாட்டாகிவிடும்.

பொருளில் நடந்த மாற்றம் ஒலி மாற்றத்தைவிடச் சுவையானது. அரபியில் இனிப்பு என்று பரந்திருந்த சொல் தமிழில் குறுகி, தனியாகச் சொன்னால் கோதுமைப் பாலில் கிளறிய, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நெல்லைப் பண்டத்தை மட்டும் குறித்தது. குறுகிய பிறகு மறுபடி விரிந்தது. வெள்ளைப்பூசணியில் செய்தால் காசி அல்வா, திருவையாற்றில் பாசிப்பருப்பில் செய்தால் அசோகா அல்வா, பீட்ரூட்டில், பேரீச்சையில் என்று முன்னொட்டுகள் பெருகின. ஆனால் இம்முறை விரிந்தது பழைய பொருளுக்கு அன்று. லட்டும் இனிப்புத்தான், அதிரசமும் இனிப்புத்தான். அவற்றை நாம் அல்வா என்பதில்லை. நெய்யும் சர்க்கரையும் சேர்த்து, அடுப்பின்முன் நின்று, கை ஓயக் கிளறிச் சுருள எடுப்பது எதுவோ அதுவே தமிழனுக்கு அல்வா. சுவையைக் குறித்த அரபுச் சொல் இங்கே செய்முறையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதன்பின் மரபுத்தொடருக்குள்ளும் புகுந்து, அல்வா கொடுத்தல் என்றால் இனிக்க இனிக்க ஏமாற்றுதல் என்றாயிற்று. 1994இல் வந்த மணிவண்ணனின் அமைதிப்படையில் சத்யராஜ் கையில் அல்வாவோடு வந்த காட்சிதான் அதைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது என்பார்கள்.

இனி இளைய உறுப்புக்கு வருவோம். கேரட், கிரேக்கத்தின் கரோட்டோன் இலத்தீனில் கரோட்டா ஆகி, பிரெஞ்சில் கரோத் ஆகி, ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. ஆங்கிலத்தில் அதன் முதல் உயிர் ஆகாரமும் ஏகாரமும் அல்லாத இடைப்பட்ட ஒலி. அதற்கு நம்மிடம் குறியீடு இல்லை. ஆகவே சிலர் ஆகாரத்தின் பக்கம் சாய்ந்து காரட் என்றார்கள், சிலர் ஏகாரத்தின் பக்கம் சாய்ந்து கேரட் என்றார்கள். பாங்கும் பேங்கும் இரட்டையாக வழங்குவது இதே காரணத்தால். எனக்குக் கேரட்டே உகந்தது. காரட் என்பதைத் தங்கத்துக்கு விட்டுவிடலாம். 22 காரட் நகை என்கிறோமே, அந்தக் காரட் வேறு சொல்: கிரேக்கத்தில் சிறு கொம்பு என்று பொருள்படும் கெராத்தியோன், கொம்புபோல் வளைந்த ஒரு மரக்காயின் பெயராகி, அதன் விதை பொன் நிறுக்கும் எடையாகி, அரபியில் கீராத் ஆகி வந்தது. கிழங்கின் பெயரான கரோட்டோனும் கொம்பு என்ற அதே தொல்வேரில் கிளைத்திருக்கலாம் என்பர் மொழியறிஞர். கேரட்டின் வடிவைப் பார்த்தவர்க்கு அது வியப்பளிக்காது. ஆவடிக் கடைத்தெருவில் நகைக்கடையும் காய்கறி வண்டியும் அடுத்தடுத்து நிற்கையில், தூரத்து உறவினர் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கிறார்கள்.

எழுத்தில் கேரட் என்று டகர மெய்யோடு முடிக்கிறோம். ஆனால் தள்ளுவண்டிக்காரர் கூவுவதைக் கேளுங்கள்: கேரட்டு, கேரட்டு! அவர் வாய்தான் இலக்கணத்தோடு நிற்கிறது. வல்லின மெய் எதுவும் தமிழில் சொல்லுக்கு ஈறாகாது. ஈற்றில் ஓர் உகரம் வந்து தாங்கும், அந்த உகரம் தன் மாத்திரையில் குறுகும். பாட்டு, கூட்டு, வீட்டு வரிசையில் கேரட்டு வன்றொடர்க் குற்றியலுகரமாகிவிடுகிறது. ஆகிவிட்டதும் அந்த வகைக்குரிய எல்லா உரிமையும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. வல்லினம் வந்தால் மிகுகிறது: கேரட்டுப் பொரியல், கேரட்டுத் துருவல். உயிர் வந்தால் உகரம் கெட்டு மெய்யின்மேல் உயிர் ஏறுகிறது: பாட்டு + அரங்கம் பாட்டரங்கம் ஆவதுபோல, கேரட்டு + அல்வா கேரட்டல்வா. வீட்டில் பிள்ளைகள் வேகமாகக் கேட்கும்போது இதைத்தான் கேட்கிறார்கள்: “அம்மா, கேரட்டல்வா செய்மா!” கிரேக்கத்தில் பிறந்த சொல்லும் அரேபியாவில் பிறந்த சொல்லும் ஒன்றையொன்று முன்பின் கண்டதில்லை. இரண்டையும் பிசிறில்லாமல் ஒட்டவைத்தது தமிழின் புணர்ச்சி விதி.

வடக்கே இதே பண்டத்துக்குக் காஜர் கா ஹல்வா என்று பெயர். சமற்கிருதத்தில் கர்ஜர, பாரசீகத்தில் கஸர், அரபியில் ஜஸர் என்று ஆசிய நிலமெங்கும் ஒரே குடும்பமாக அச்சொல் விரிந்து கிடக்கிறது. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து ஊதாவும் மஞ்சளுமான பழைய கேரட் கிழக்கும் மேற்கும் பரவியபோது பெயரும் உடன் பரவியிருக்கிறது. தெலுங்கில் காஜர, கன்னடத்தில் கஜ்ஜரி. தமிழில் ஏன் அந்த வரிசை நின்று ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டது? விடை மலைமேல் இருக்கிறது. 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் குடியேறி ஐரோப்பியக் காய்களைப் பயிரிடத் தொடங்கிவைத்தார். அந்தப் பயிர்கள் பெருகி மலையிறங்கிச் சந்தைக்கு வந்தபோது இங்கிலீஷ் காய் என்றே பெயர் பெற்றன. கத்தரி, அவரை போன்ற நாட்டுக் காய்க்கு எதிர்ச்சொல்லாக அது இன்றும் வழங்குகிறது. நெதர்லாந்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வளர்த்தெடுத்த செம்மஞ்சள் கேரட்டின் வழிவந்ததுதான் இன்று கேத்திப் பள்ளத்தாக்கில் விளைவது. ஆகத் தமிழகத்துக் கேரட்டு வடக்கிலிருந்து தரைவழியாக வரவில்லை; கடல் கடந்து மேற்கிலிருந்து வந்து, நீலகிரியில் வேரூன்றி இறங்கியது. பெயர் அந்த வழியை மறைக்காமல் சொல்கிறது. மார்கழி, தை மாதங்களில் வடக்கிலிருந்து நீண்டு சிவந்த வகையும் வரும். அதற்கு இங்கே டெல்லி கேரட் என்று தனிப்பெயர். ஆவடியில் அது கிடைத்த நாளில் வடநாட்டு வீட்டில் காஜர் ஹல்வாவும் அடுத்த வாசலில் ஊட்டிக் கேரட்டில் கேரட்டல்வாவும் ஒரே நெய் மணத்தில் கிளறப்படும். ஆசியக் கிளையும் ஐரோப்பியக் கிளையும் பல நூற்றாண்டுப் பிரிவுக்குப் பிறகு சந்திக்கும் தெரு அது.

தமிழ்ப் பெயர் இல்லையா என்று கேட்பீர்கள். மஞ்சள் முள்ளங்கி என்றும் செம்முள்ளங்கி என்றும் உண்டு. தனித்தமிழில் பற்றுடைய எனக்கே அவை மனநிறைவு தரவில்லை. முள்ளங்கி கடுகின் குடும்பம். கேரட்டோ கொத்தமல்லி, சீரகம், சோம்பு இவற்றின் குடும்பம். இலையைக் கிள்ளி முகர்ந்தாலே தெரியும். வேறொரு குலத்துப் பெயரைக் கொடுத்து நிறத்தால் வேறுபடுத்துவதைவிட, வந்த பெயரை நம் ஒலிக்கு வளைத்துக்கொள்வதே மேல். பள்ளிப் பாடத்தில் அதன் உடன்பிறப்பு ஒன்றும் இருக்கிறது: 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய வேதியியலார் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த நிறமிக்கு இலத்தீன் பெயரை ஒட்டி வைத்த பெயர்தான் கரோட்டின். ஒரே சொல் சந்தை வழியாகக் கேரட்டாகவும் அறிவியல் வழியாகக் கரோட்டினாகவும் இருமுறை தமிழுக்கு வந்திருக்கிறது.

இருமுறை வருதல் இந்தப் பண்டத்தின் இன்னொரு பொருளுக்கும் நேர்ந்தது. சர்க்கரைக்கு மூலமான சமற்கிருதச் சர்க்கரா, பருக்கைக் கல்லைக் குறித்த சொல். அதன் பாகத வடிவமான சக்கர முன்பே வந்து, முதற்சகரம் உதிர்ந்து அக்காரமாகி, அக்காரவடிசிலாய் வைணவக் கோயில் மடைப்பள்ளியில் இன்றும் மணக்கிறது. பின்னர் சர்க்கரை தன் முழு உருவில் வந்தது. இதே சொல் மேற்கே போய் அரபியில் சுக்கராகி, ஐரோப்பாவில் சுகராகியது. ஆக, அல்வாவுக்குப் பெயர் தந்த அரபு மொழி அதில் போடும் சர்க்கரைக்குப் பெயரை இந்தியாவிலிருந்து பெற்றிருக்கிறது. வடசென்னையிலும் நம் மேற்குப் புறநகரிலும் பழைய தலைமுறையினர் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரின் ஆலையிலிருந்து வந்த சர்க்கரை தந்த பெயர் அது. ஊர் ஒடிசாவுக்குப் போய்விட்டது, பெயர் பாட்டிமார் வாயில் தங்கிவிட்டது.

பாலுக்கு வந்தால் உள்ளம் பூரிக்கிறது. அம்பத்தூர்ப் பால் பண்ணையிலிருந்து விடியலில் வண்டிகளில் புறப்படும் பாலுறைகளின்மேல் ஆவின் என்றிருக்கிறதே, அதை நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆ + இன், நடுவில் வகர உடம்படுமெய். ஓரெழுத்து ஒருமொழியோடு இன் சேர்ந்து, ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் பெயராய் நிற்கிறது. இத்தனை சிறிய, இத்தனை பழைய உறுப்புகளால் அமைந்த வணிகப்பெயர் அரிது. ஆவடியையும் இதே கட்டமைப்பில் ஆ + வ் + அடி என்று பிரிப்பார்கள், ஆக்கள் மிகுந்த இடம் என்று பொருள் கொண்டு. ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்டு அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா என்பதன் தலையெழுத்துகளே ஆவடி என்று இன்னொரு கதையும் அவ்வூரில் பரவலாக உண்டு. பீரங்கி வண்டித் தொழிற்சாலை அங்கே எழுந்தது 1960களில்; காங்கிரஸ் பேரவை ஆவடியில் கூடிச் சோசலிசப் பாணிச் சமுதாயத் தீர்மானம் இயற்றியதோ 1955 சனவரியில். தொழிற்சாலைக்கு முன்பே பெயர் நாடறிந்திருந்தது. ஊர்ப்பெயர் வாயில் தேய்வதற்குச் சான்று வேண்டுமானால் பக்கத்துப் பூவிருந்தவல்லியைப் பாருங்கள்: பேச்சில் சுருங்கி, வகரம் மகரமாகி, மல்லிகையின் மணமும் கலந்து பூந்தமல்லியாகி நிற்கிறது.

நெய்யையும் ஏலத்தையும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். நெய் முன்பு கொழுப்புடைய நீர்மத்துக்கெல்லாம் பொது; எள்ளின் நெய்யே எண்ணெய். ஏலம் தென்மலைக் காட்டின் பயிர். வடமொழி ஏலாவும், அதன்வழி இந்தி இலாய்ச்சியும் தெற்கிலிருந்து போன சொல் என்றே அறிஞர் பலர் கொள்வர். காஜர் ஹல்வாவிலும் நம் பங்கு ஒரு சிட்டிகை இருக்கிறது.

பெயர்களைப் பார்த்தோம். ஆனால் இந்தப் பண்டத்தில் தமிழின் செல்வம் வினைகளில்தான் இருக்கிறது. ஒரு கிலோ கேரட்டு, ஒரு லிட்டர் பால், 400 கிராம் சர்க்கரை, 150 கிராம் நெய், கொஞ்சம் முந்திரி, ஏலக்காய்: செய்யத் தொடங்கிப் பாருங்கள். முதலில் துருவ வேண்டும். துருவு என்றால் துளைத்தல், தேடுதல். துருவித் துருவிக் கேட்பவரும் கேரட்டைத் துருவுபவரும் உள்ளே போகப் போக மேலும் உள்ளே போகிறார்கள். துருவலை நெய்யில் வதக்குகிறோம், அது வதங்குகிறது. மெல்லினம் வல்லினமாவதால் தன்வினை பிறவினையாகும் இந்த அமைப்பைப் பள்ளியில் படித்தோம். வாணலியில் அதைக் கண்ணால் காண்கிறோம். வதங்கியதில் பாலை ஊற்றினால் பால் சுண்டும், துருவல் வேகும். நன்றாக வெந்த பிறகே சர்க்கரை போட வேண்டும். முந்திப் போட்டால் கேரட்டு வேகாமல் விறைத்துக்கொள்ளும். சர்க்கரை விழுந்ததும் எல்லாம் இளகும். புதிதாகச் செய்பவர் அப்போது பதறுவார், பதற வேண்டாம், இளகியது இறுகும். இறுகும்வரை கிளற வேண்டும், அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். கிளறு மண்ணையும் நினைவையும் கிளறும் சொல். கிண்டு கிண்டலுக்கும் தாய். கடைசியில் அல்வா சுருண்டு வரும், ஓரத்தில் நெய் கக்கும். கக்குதல் வேறிடத்தில் முகஞ்சுளிக்க வைக்கும் சொல். அல்வாச் சட்டியில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

இந்த வினைகளை மறுபடி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். துருவு, வதக்கு, கிளறு, இறக்கு என்பவை செய்பவரின் வேலை. வதங்கு, சுண்டு, இளகு, இறுகு, சுருள் என்பவை பண்டத்தின் வேலை. மனிதர் எங்கே செய்ய வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை வினைவகையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. சுருள் என்பதற்குச் சுருட்டு என்ற பிறவினை இருந்தும் அல்வாவை யாரும் சுருட்டுவதில்லை. அது தானே சுருண்டால்தான் உண்டு. அந்த நேரத்துக்குப் பெயர் பதம். செவ்வி என்னும் பொருளிலும் உணவு என்னும் பொருளிலும் பழந்தமிழிலிருந்தே வழங்குவது. பதம் என்றால் சொல் என்றும் பொருளுண்டு, பகுபதம், பகாபதம் என்று இலக்கணம் வகுக்கும் அந்தப் பதம். இரண்டும் வெவ்வேறு சொற்கள்தாம். ஆனாலும் ஒரு சொல்லாராய்ச்சிக்காரர்க்கு இந்த ஒலியொற்றுமையைச் சொல்லாமல் அடுப்பை அணைக்க மனம் வராது.

என் கவலையும் இங்கேதான். கேரட்டும் அல்வாவும் வேற்றுமொழிப் பெயர்கள் என்று வருந்துவாரோடு எனக்கு உடன்பாடில்லை; பெயர்களைத் தமிழ் எப்போதும் வாங்கியிருக்கிறது, வாங்கித் தன் ஈறும் தன் புணர்ச்சியும் தந்து தனதாக்கியிருக்கிறது. நம் வீடுகளில் இன்று ஒலிப்பதோ வேறு: “கேரட்ட கிரேட் பண்ணி, நெய்ல ஃப்ரை பண்ணி, மில்க் ஆட் பண்ணி, நல்லா மிக்ஸ் பண்ணு.” நான்கு பண்ணு. வதங்குவதும் சுண்டுவதும் இளகுவதும் அதில் இல்லை. பண்டத்தின் பக்கத்து வினைகள் எல்லாமே போய்விட்டன. எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதை அந்தச் செய்முறை சொல்லாது. பெயரைக் கடன் வாங்கிய மொழிக்குக் குறை வராது. வினையை இழந்த மொழிக்கு வரும்.

ஆகவே சொல்லன்பர்களே, அடுத்த முறை மகளுக்கோ மருமகனுக்கோ செய்முறை எழுதித் தரும்போது இரண்டு வேண்டுகோள். தலைப்பில் கேரட்டல்வா என்று சேர்த்தே எழுதுங்கள். உள்ளே பண்ணு என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் எழுதுங்கள்.